கக்குவானும் கருவுற்ற தாயும்

ஒரு நாட்டின் மொழிகளை அறிந்துகொள்வதற்கு இலக்கியம் ஒரு வழி. நோய்களின் பெயர்களும் ஒரு வழியே. மொழிபெயர்ப்பை அன்றாடப் பணியாகக் கொண்ட நமக்குச் சுகாதாரச் சுற்றறிக்கைகளைத் தமிழாக்க நேரும்போதெல்லாம் இவ்வுண்மை புலப்படுகின்றது. தமிழில் கக்குவான் இருமல் என்று நாம் சொல்லும் வியாதியைக் கன்னட நாட்டார் 'நாயிகெம்மு', அதாவது நாய் இருமல், என்பர். மலையாளத்தில் அது 'வில்லன் சும'. தெலுங்கில் 'கோரிந்த தக்கு'. மராட்டியில் 'டாங்க்யா கோகலா'. இந்தி வழங்கும் பகுதிகளில் 'காலீ கான்ஸி', கறுப்பு இருமல். நம் நாட்டிற்கு அப்பால் சீனரும் ஜப்பானியரும் 'நூறு நாள் இருமல்' என்றே பெயரிட்டனர். ஒவ்வொரு பெயரும் நோயின் ஒவ்வொரு பக்கத்தைப் பார்த்து வைத்ததாகத் தோன்றுகிறது. இருமி இருமி இறுதியில் குழந்தை உண்டதைக் கக்கிவிடுவதை நம் சொல் நினைவூட்டுகின்றது. இருமலின் ஓசையைக் கன்னடச் சொல் காட்டுகின்றது. அது நீடிக்கும் காலத்தைக் கீழ்த்திசை நாட்டாரின் பெயர் கணக்கிட்டுச் சொல்கின்றது.

புனேயிலோ பெங்களூரிலோ தில்லியிலோ குடியிருக்கும் தமிழ்த் தாய்க்கு இப்பெயர் வேறுபாடு வெறும் சொல்லாராய்ச்சி அன்று. 'டாங்க்யா கோகலா' வந்திருக்கிறது என்று சொல்லிக்கொண்டே அண்டை வீட்டார் தம் பிள்ளையுடன் உள்ளே வரும்பொழுது, அது தம் பாட்டியார் சொல்லி அஞ்சிய கக்குவானே என்று அவர் அறிந்திருக்க வேண்டும். அறிந்தால்தான் மடியிலிருக்கும் கைக்குழந்தையை உடனே அப்புறப்படுத்துவார்.

கைக்குழந்தையை ஏன் அத்துணை விரைவில் அப்புறப்படுத்த வேண்டும்? கக்குவான் தொடக்கத்தில் சாதாரண ஜலதோஷம் போலவே தோன்றும். ஓரிரு வாரங்கள் சென்றபின் இருமல் தொடர்ச்சியாக எழும். மூச்சு விட இடமின்றி இருமிய பிள்ளை, இறுதியில் ஒரு கூவல் ஒலியுடன் காற்றை உள்ளிழுக்கும். வளர்ந்த பிள்ளைகள் பல வாரங்கள் துன்புற்றுப் பெரும்பாலும் தேறிவிடுகின்றனர். பிறந்து இரண்டு மூன்று மாதங்களே ஆன சிசுவின் நிலை வேறு. அதற்குக் கூவி மூச்சிழுக்கும் வலிமையே இராது. இருமல்கூடத் தெளிவாகக் கேட்காமலிருக்கலாம். மூச்சு சிறிது நேரம் நின்றுவிடும். உதடும் முகமும் நீலம் பாரிக்கும். பால் குடிப்பது தடைப்படும். இந்நோயால் நிகழும் மரணங்களுள் மிகப் பெரும்பான்மை வாழ்வின் முதற்சில மாதங்களில் நிகழ்பவையே.

நம் நாட்டில் குழந்தைக்குக் கக்குவானைத் தடுக்கும் முதல் ஊசி ஆறாவது வாரத்தில் போடப்படுகின்றது. பின்னர் பத்தாவது, பதினான்காவது வாரங்களில் அடுத்த இரண்டு ஊசிகள். ஆகவே பிறந்த நாளுக்கும் முதல் ஊசிக்கும் இடையே ஆறு வாரங்கள் காவலின்றி நிற்கின்றன. அதற்குப் பின்னும் சில வாரங்கள் அரைக்காவலே உள்ளது. அந்த இடைவெளியை யார் காப்பது? தாய் காக்க முடியும் என்பது இன்றைய வைத்திய சாஸ்திரத்தின் விடை. கருவுற்றிருக்கும் காலத்திலேயே அவளுக்கு ஊசி போட்டால் அதன் பயனைச் சேய் பெற்றுக்கொண்டே பிறக்கும். இவ்விடை நேற்றுக் கண்டுபிடிக்கப்பட்டதன்று. ஒருமுறை கண்டறியப்பட்டு, ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் அலமாரியில் கிடந்து, பல சிசுக்களை இழந்த பிறகே மீண்டும் எடுக்கப்பட்டது. அந்த வரலாற்றையே இங்கே சொல்ல முற்படுகின்றோம்.

கக்குவானைத் தெளிவாக எழுதிவைத்தவர்களுள் முற்பட்டவர் கியோம் த பாயூ என்ற பிரெஞ்சு வைத்தியர். 1578-ஆம் ஆண்டில் பாரிஸ் நகரில் பரவிய கொள்ளைநோய் ஒன்றை அவர் வர்ணித்தார்; நான்கு மாதம், பத்து மாதம் ஆன குழந்தைகளையும் அது தாக்கியதைக் குறித்தார். அவர் எழுத்து அச்சேறியது அவர் மறைந்த பின், 1640-இல். அதன் பிறகும் இரண்டரை நூற்றாண்டுக்கு மேல் இந்நோயின் காரணம் யாருக்கும் விளங்கவில்லை. 1906-இல் பெல்ஜியத் தலைநகராகிய பிரஸ்ஸல்ஸில் ஜூல் போர்தே, ஒக்தாவ் ஜாங்கு என்ற இருவர் அக்கிருமியைத் தனியே பிரித்து வளர்ப்பதில் வெற்றி கண்டனர். எளிதில் வளராத அக்கிருமிக்கு உருளைக்கிழங்கு, கிளிசரின், இரத்தம் ஆகியவை சேர்ந்த ஓர் உணவை அவர்கள் சமைத்துக் கொடுத்தனர். போர்தேயின் பெயரையே இன்றும் அக்கிருமி தாங்கி நிற்கின்றது. நோய் எதிர்ப்பாற்றலைப் பற்றிய ஆராய்ச்சிக்காக 1919-ஆம் ஆண்டின் நோபெல் பரிசும் அவருக்கே அளிக்கப்பட்டது.

கிருமி அகப்படுவதற்குப் பதினான்கு ஆண்டுகள் முன்பே வேறோர் உண்மை வெளிப்பட்டிருந்தது. 1892-இல் ஜெர்மானிய அறிஞர் பால் எர்லிக் சுண்டெலிகளைக் கொண்டு ஒரு சோதனை நடத்தினார். அதற்கு அவர் எடுத்துக்கொண்ட நஞ்சுகள் நமக்கு அன்னியமானவை அல்ல. ஒன்று ஆமணக்கு விதையிலிருந்து எடுக்கப்பட்டது; மற்றொன்று, நம் பொற்கொல்லர்கள் பொன் நிறுக்கப் பயன்படுத்திய குன்றிமணியிலிருந்து எடுக்கப்பட்டது. பெண் எலிகளுக்கு அந்நஞ்சைச் சிறிது சிறிதாகப் பழக்கி, அவை அதைத் தாங்குமாறு செய்தார். அவை ஈன்ற குட்டிகளும் நஞ்சைத் தாங்கின. தந்தை எலியை மட்டும் அவ்வாறு பழக்கியபோது குட்டிகளுக்கு எந்தப் பாதுகாப்பும் கிட்டவில்லை. பழக்கப்படாத தாயின் குட்டிகளைப் பழக்கப்பட்ட தாயிடம் பால் குடிக்க விட்டபோது அவற்றுக்கும் ஓரளவு பாதுகாப்பு வந்தது. ஆயினும் தாயிடமிருந்து பெற்ற அவ்வாற்றல் குட்டிகளிடம் நெடுநாள் தங்கவில்லை. சில வாரங்களில் மறைந்தது.

இச்சோதனையின் பொருளை நம் வழக்கில் சொல்வதானால், தாய் தருவது பரம்பரைச் சொத்து அன்று, கைமாற்று. சேய் தன் காலில் நிற்கும் வரையில் செலவு செய்துகொள்ளத் தாய் தன் கையிருப்பிலிருந்து கொடுத்தனுப்புவது. ஆனால் கையிருப்பு இருந்தால்தானே கைமாற்றுக் கொடுக்க முடியும்? தட்டம்மை கண்டு தேறிய தாயிடம் அம்மைக்குரிய எதிர்ப்பொருள் ஏராளமாக இருக்கும். ஆதலால் அவள் பெற்ற குழந்தைக்குச் சில மாதங்கள் வரை அம்மை அரிதாகவே வரும். கக்குவான் விஷயத்திலோ, குழந்தைப் பருவத்தில் அந்நோயைக் கண்ட தாயிடமும் பிள்ளை பெறும் வயதில் கையிருப்பு வற்றிவிடுகின்றது. பிறந்து சில நாட்களேயான சிசுவையும் கக்குவான் தாக்குவது இதனால்தான்.

இனி அமெரிக்க நாட்டின் மிச்சிகன் மாநிலத்திலுள்ள கிராண்ட் ரேப்பிட்ஸ் நகருக்குச் செல்வோம். 1932-ஆம் ஆண்டு. பொருளாதார மந்தத்தால் ஆலைகள் மூடிக்கிடந்தன. வேலையற்றோர் இல்லங்களில் கக்குவான் புகுந்திருந்தது. அந்நாட்களில் அந்நாட்டில் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான குழந்தைகள் கக்குவானுக்குப் பலியாயினர். அந்நகரிலிருந்த மாநிலச் சுகாதார ஆய்வுக்கூடத்தில் பணி புரிந்த பேர்ல் கென்ட்ரிக், கிரேஸ் எல்டரிங் என்ற இரு பெண்மணிகள் குழந்தைப் பருவத்தில் தாமே அந்நோயைக் கண்டு பிழைத்தவர்கள். பகல் முழுதும் நீரையும் பாலையும் பரிசோதிக்கும் அலுவல். மாலையில் நோயுற்ற பிள்ளைகளின் வீடுகளைத் தேடிச் செல்வர். கிருமி வளரும் உணவு பூசிய தட்டைப் பிள்ளையின் வாய்க்கு எதிரே பிடித்து, அதன்மேல் இருமச் செய்வர். மண்ணெண்ணெய் விளக்கின் ஒளியில் அவ்வேலை நடந்த வீடுகளும் உண்டு. அங்கே கண்ட வறுமையையும் துயரத்தையும் அவர்கள் பிற்காலத்தில் நினைவுகூர்ந்துள்ளனர்.

அவ்வாறு சேகரித்த கிருமிகளைக் கொன்று அவர்கள் தடுப்பு மருந்து தயாரித்தனர். அதற்கு முன்னரும் சிலர் முயன்றதுண்டு. டென்மார்க்கு நாட்டின் தோர்வல்ட் மாட்சன், வடகடலிலுள்ள பாரோ தீவுகளில் 1920-களிலேயே தம் மருந்தைப் பயன்படுத்திப் பார்த்திருந்தார். எனினும் ஊசி பெற்றோரையும் பெறாதோரையும் இரு வரிசையாக நிறுத்தி ஒழுங்காக ஒப்பிட்டுக் காட்டியதில் கிராண்ட் ரேப்பிட்ஸ் பெண்மணிகளின் பணி தலைசிறந்தது. மருந்து தீங்கற்றது என்று அறிய முதலில் தம் கைகளிலேயே ஊசி போட்டுக்கொண்டனர். அனாதை விடுதிப் பிள்ளைகளைச் சோதனைப் பொருளாக்க அவர்கள் உடன்படவில்லை. ஊர்ப் பெற்றோரின் இசைவைப் பெற்று, ஊர்க் குழந்தைகளையே கொண்டு ஆராய்ச்சியை நடத்தினர். முதல் அறிக்கையில் ஊசி பெற்ற 712 குழந்தைகளுள் நால்வருக்கே நோய் கண்டிருந்தது, அதுவும் இலேசாக. ஊசி பெறாத 880 குழந்தைகளுள் 45 பேர் நோயுற்றிருந்தனர். 1936-இல் குடியரசுத் தலைவரின் துணைவியார் எலினோர் ரூஸ்வெல்ட் அந்த ஆய்வுக்கூடத்துக்கு வந்து பார்வையிட்டார். அதன் பின் பணியாளருக்கான பொருளுதவி கிடைத்தது. பிற்பாடு லோனி கோர்டன் என்ற கறுப்பின இரசாயன நிபுணரும் அவர்களுடன் சேர்ந்து, மருந்தை வலுப்படுத்துவதற்கு உதவினார். 1940-களில் கக்குவான் மருந்து தொண்டை அடைப்பான், ரணஜன்னி ஆகியவற்றின் மருந்துகளோடு இணைந்து, நாம் முத்தடுப்பு ஊசி என்று அறிந்த வடிவத்தைப் பெற்றது.

இங்கேதான் நம் கதையின் உயிர்நாடி இருக்கிறது. ஊசி போட்டுக் காப்பதற்குக் குழந்தை முதலில் ஊசி போடும் பருவத்தை எட்ட வேண்டும். அதற்கு முன் இறக்கும் சிசுக்களுக்கு என்ன வழி என்ற கேள்வி அவ்வாராய்ச்சியாளரை விட்டகலவில்லை. எர்லிக்கின் சுண்டெலிகள் வழி காட்டின. 1938-இல் லிச்டி, ஸ்லாவின், பிராட்போர்டு என்ற மூன்று அமெரிக்க வைத்தியர்கள், கருவுற்ற தாய்மாருக்கு ஊசி போட்டுப் பிறக்கும் குழந்தைகளின் எதிர்ப்பாற்றலைப் பெருக்க முயன்றதைப் பற்றி எழுதினர். 1943-இல் நியூயார்க்கின் கோஹன், ஸ்காட்ரன் என்ற இருவர், தாய்க்கு ஊசி போட்டால் அவள் உடலில் உண்டாகும் எதிர்ப்பொருள் நஞ்சுக்கொடியின் வழியே சேயின் இரத்தத்தை அடைகின்றது என்று காட்டினர். 1945-இல் கென்ட்ரிக், எல்டரிங் ஆகியோரே தம் தோழியர் ஒருவருடன் சேர்ந்து, தாயும் சேயும் பெறும் பாதுகாப்பை அளந்து வெளியிட்டனர். வினா எழுந்தது, விடையும் வந்துவிட்டது. எஞ்சியது அதைக் கைக்கொள்வது மட்டுமே.

அது கைக்கொள்ளப்படவில்லை. ஏன் என்று ஆராய்வது வரலாற்றின் கடமை. முதற்காரணம், வெற்றியே. குழந்தைகளுக்கு முத்தடுப்பு ஊசி பரவப் பரவ மேல்நாடுகளில் கக்குவான் வெகுவாகக் குறைந்தது. வீட்டில் மூத்த பிள்ளைக்கு நோய் வராதபோது இளைய சிசுவுக்கு அதைக் கொண்டுவருவார் யார்? நோய் கண்ணுக்கு மறைந்ததும் இடைவெளியும் கருத்திலிருந்து மறைந்தது. இரண்டாவது காரணம், மருந்தின் இயல்பு. முழுக்கிருமியைக் கொண்டு செய்த அக்கால ஊசி, காய்ச்சலையும் வீக்கத்தையும் உண்டாக்கக்கூடியது. வளர்ந்தோருக்கு அது உகந்ததாகக் கருதப்படவில்லை. மூன்றாவது, தாயிடமிருந்து வந்த எதிர்ப்பொருள், பிற்பாடு குழந்தைக்குப் போடும் ஊசியின் பயனைக் குறைத்துவிடுமோ என்ற ஐயம். இவற்றின்மேல் 1961-இல் வெளிப்பட்ட தாலிடோமைடு மருந்தின் கொடுமையும் சேர்ந்தது. கர்ப்பிணிகள் உண்ட அம்மருந்தால் ஆயிரக்கணக்கான குழந்தைகள் கைகால் குறைவுற்றுப் பிறந்தன. கர்ப்ப காலத்தில் எதையும் தொடாதிருப்பதே நலம் என்ற எண்ணம் அதனால் வேரூன்றியது. அவ்வெண்ணம் இயல்பானதே. ஆயினும் தொடாதிருப்பதற்கும் ஒரு விலை உண்டு என்பதைக் கணக்கிடுவார் அப்போது குறைவு.

ஆனால் அதே 1961-ஆம் ஆண்டில் வேறொரு திசையிலிருந்து வெளிச்சம் வந்தது. நியூகினித் தீவின் மாப்ரிக் என்ற பகுதியில் ஸ்கோபீல்டு என்ற வைத்தியரும் அவர் துணைவர்களும், கருவுற்ற பெண்களுக்கு ரணஜன்னித் தடுப்பூசி போட்டு, பிறந்த குழந்தைகளை அந்நோய் அணுகாமல் காக்க முடியும் என்று மெய்ப்பித்தனர். தொப்புள்கொடியைத் தூய்மையற்ற கருவியால் அறுப்பதால் வரும் அந்த ஜன்னி, பிறந்த முதல் ஓரிரு வாரங்களிலேயே சிசுக்களைக் கொண்டுபோயிற்று. நம் நாட்டிலும் எண்ணற்ற தொட்டில்களை அது வெறுமையாக்கியது. 1978-இல் தொடங்கி 1985-இல் விரிவடைந்த இந்தியத் தடுப்பூசித் திட்டத்தின்கீழ்க் கர்ப்பிணிகளுக்கான ஊசி கிராமந்தோறும் சென்றது. பாதுகாப்பான பிரசவ முறைகளும் பரவின. 2015-இல் இந்தியா, தாயையும் சேயையும் வாட்டிய ரணஜன்னியை ஒழித்த நாடு என்று உலக சுகாதார ஸ்தாபனத்தால் ஏற்கப்பட்டது. தாய்க்குப் போடும் ஊசி சேயைக் காக்கும் என்ற தத்துவத்தை நம் பாட்டிமாரும் அன்னையரும் புத்தகத்தில் படித்தறியவில்லை. தம் தோளிலேயே ஏற்று அறிந்தனர். கக்குவானுக்கான ஊசி அந்தத் தத்துவத்தின் இரண்டாம் அத்தியாயமே.

அவ்வத்தியாயம் எழுதப்பட்டது துக்கத்தில். 1974-இல் இலண்டனில் வெளிவந்த ஒரு மருத்துவக் கட்டுரை, முத்தடுப்பு ஊசியால் சில குழந்தைகளுக்கு மூளை பாதிக்கப்பட்டிருக்கலாம் என்ற அச்சத்தை எழுப்பியது. பின்னர் நடந்த ஆராய்ச்சிகள் அவ்வச்சத்தை நிலைநாட்டவில்லை. ஆனால் அச்சம் ஆராய்ச்சிக்குக் காத்திருக்கவில்லை. அந்நாட்டில் ஊசி பெறும் குழந்தைகளின் தொகை நூற்றுக்கு ஏறக்குறைய முப்பதாக வீழ்ந்தது. கக்குவான் பேரலையாகத் திரும்பியது. ஜப்பானிலும் அவ்வாறே ஊசி தடைப்பட, 1979-ஆம் ஆண்டில் மட்டும் 41 பேர் மாண்டனர். அந்நெருக்கடியில் ஜப்பானிய விஞ்ஞானி யூஜி சாட்டோ, முழுக்கிருமிக்குப் பதிலாக அதன் சில கூறுகளை மட்டும் பிரித்தெடுத்துப் புதிய மருந்தை உருவாக்கினார். 1981 முதல் ஜப்பானிலும், 1990-களில் பல மேல்நாடுகளிலும் அது வழக்கிற்கு வந்தது. காய்ச்சலும் வீக்கமும் குறைந்தன. ஆனால் அம்மருந்து தரும் பாதுகாப்பு சில ஆண்டுகளிலேயே தேய்கின்றது என்பது பிற்பாடு தெரியவந்தது. ஊசி பெற்றவர் நோயுறாமலே கிருமியைச் சுமந்து பிறருக்குக் கொடுக்கக்கூடும் என்பதைக் குரங்கினங்களில் செய்த சோதனைகளும் காட்டின. பாட்டிக்கு வரும் சாதாரண இருமல், பேரனுக்கு யமனாக வரக்கூடும் என்பதே இதன் உட்பொருள்.

2010-ஆம் ஆண்டில் கலிபோர்னியா மாநிலத்தில் ஒன்பதாயிரத்துக்கு மேற்பட்டோருக்குக் கக்குவான் கண்டது. 10 சிசுக்கள் இறந்தன. வீட்டிலுள்ளோர் எல்லோருக்கும் ஊசி போட்டுச் சிசுவைச் சுற்றி வேலியமைக்கலாம் என்ற முறை முயன்று பார்க்கப்பட்டது. எல்லோரையும் ஒருங்கே ஊசிக்கு அழைத்துவருவது எளிதாக இல்லை. அப்போதுதான் பழைய அலமாரி திறக்கப்பட்டது. 2011-இல் அமெரிக்க நிபுணர் குழு, கருவுற்ற பெண்களுக்கு இவ்வூசியைப் பரிந்துரைத்தது; 2012-இல், ஒவ்வொரு கர்ப்பத்தின்போதும் போடுதல் வேண்டும் என்று அதைத் திருத்தியது. அதே ஆண்டில் அர்ஜென்டினா நாடு தன் கர்ப்பிணிகள் அனைவருக்கும் அதை வழங்கத் தொடங்கியது. இங்கிலாந்திலும் 2012-ஆம் ஆண்டின் கொள்ளைநோயில் 14 சிசுக்கள் மாண்டன. அவ்வாண்டு அக்டோபர் மாதத்திலேயே அந்நாட்டு அரசாங்கம் கர்ப்பிணிகளுக்கான ஊசித் திட்டத்தைத் தொடங்கிவிட்டது.

அதன் பயனைக் கணக்கிட்ட ஆய்வு 2014-இல் வெளியாயிற்று. காயத்ரி அமிர்தலிங்கம் முதலாசிரியராக அமைந்த அக்கட்டுரை, பிறந்து மூன்று மாதம் நிரம்பாத குழந்தைகளிடையே, தாய் பெற்ற ஊசி நூற்றுக்கு 91 என்ற அளவில் நோயைத் தடுத்தது என்று கண்டது. ஏறத்தாழ இருபதினாயிரம் கர்ப்பிணிகளை ஆராய்ந்த மற்றோர் ஆய்வில், ஊசியால் குழந்தை இறந்து பிறப்பது அதிகரிக்கவில்லை என்று தெளிந்தது. தாயின் எதிர்ப்பொருளால் குழந்தையின் சொந்த ஊசிக்குக் கிட்டும் பலன் ஓரளவு குறையக்கூடும் என்பதை இரத்தப் பரிசோதனைகள் காட்டியது உண்மையே. பழைய ஐயம் முற்றும் ஆதாரமற்றதன்று. ஆனால் உயிருக்கு ஆபத்து மிகுந்த முதல் மாதங்களில் கிடைக்கும் காவலோடு ஒப்பிட்டால் அக்குறை சிறிதென்பதே நிபுணர்கள் கண்ட முடிவு.

வரலாறு அத்துடன் நின்றுவிடவில்லை. பின்வந்த ஆண்டுகளில் அந்நாட்டில் கருவுற்ற பெண்கள் ஊசி பெறுவது தளர்ந்தது. 2024-இல் கக்குவான் மீண்டும் பெருகியபோது 11 சிசுக்கள் இறந்தன. மருந்து இருந்தும், அறிவு இருந்தும், வழக்கம் தளர்ந்தால் இடைவெளி மறுபடி திறந்துகொள்ளும் என்பதற்கு இது சான்று.

இவ்வூசி வேலை செய்யும் முறையையும் சுருக்கமாக அறிதல் நன்று. ஊசியில் உயிருள்ள கிருமி இல்லை. கிருமியின் சில கூறுகளே உள்ளன. அதைப் பெற்ற தாயின் உடலில் ஏறத்தாழ இரண்டு வாரங்களில் எதிர்ப்பொருள் பெருகுகின்றது. நஞ்சுக்கொடி அதை வடிகட்டி விடுவதில்லை; தேடிப் பிடித்துச் சேயின் பக்கம் கடத்துகின்றது. அக்கடத்தல் கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் மிகவும் விரைவுபடுகின்றது. ஆகவேதான் 27 முதல் 36 வாரங்களுக்குள், நம் கணக்கில் ஏழாம் மாதம் முதல் ஒன்பதாம் மாதம் வரை, ஊசி பெறுவது உகந்தது என்கின்றனர். தாயிடம் பெருகிய கையிருப்பு ஓரிரு ஆண்டுகளில் வற்றிவிடுமாதலால், மூத்த குழந்தையின்போது பெற்ற ஊசி இளைய குழந்தைக்கு உதவாது. ஒவ்வொரு கர்ப்பத்துக்கும் ஓர் ஊசி வேண்டும். சேய் பெற்ற கைமாற்றும் சில மாதங்களில் செலவாகிவிடும். எனவே தாய் ஊசி பெற்றாள் என்பதற்காகக் குழந்தைக்கு ஆறாவது வாரத்து ஊசியைத் தள்ளிப்போடலாகாது.

நம் நாட்டின் நிலையையும் பார்ப்போம். குழந்தைகளைப் பொறுத்தவரை, முத்தடுப்பு மருந்தோடு மேலும் இரண்டைச் சேர்த்த ஐந்து நோய்த் தடுப்பூசி 2011 டிசம்பரில் முதன்முதலாகத் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் தொடங்கப்பெற்றுப் பின்னர் நாடெங்கும் பரவியது. எந்த மாநிலத்தில் வாழும் தமிழரும் தம் குழந்தைக்கு அதை அரசாங்க நிலையங்களில் இலவசமாகப் பெறலாம். கர்ப்பிணிகளுக்குப் பொதுத் திட்டத்தில் போடப்படுவது 'டி.டி.' என்னும் ஊசி. அது ரணஜன்னியையும் தொண்டை அடைப்பானையும் தடுக்கும். கக்குவானைத் தடுக்கும் கூறு அதில் இல்லை. மூன்றையும் தடுக்கும் 'டீ-டாப்' என்ற ஊசியை இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கமும் மகப்பேறு மருத்துவர் கூட்டமைப்பும் கர்ப்பிணிகளுக்குப் பரிந்துரைக்கின்றன. அதைப் பெரும்பாலும் தனியார் மருத்துவமனைகளில் விலை கொடுத்தே பெற வேண்டியுள்ளது. 'ஊசி போட்டாயிற்று' என்று கேட்டமட்டில் எல்லாம் முடிந்ததென்று எண்ணிவிடாமல், எந்த ஊசி என்று வினவுவது இதனால் அவசியமாகின்றது.

வெளிமாநிலத் தமிழர்க்கே உரிய ஒரு சிக்கலும் இங்குண்டு. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு செல்வது நம் மரபு. வளைகாப்பு முடிந்து ஏழாம் மாதத்திலோ ஒன்பதாம் மாதத்திலோ பெண் இரயிலேறுகின்றாள். ஊசி பெற உகந்த வாரங்களும் மிகச் சரியாக அந்நாட்களிலேயே வருகின்றன. நாக்பூரிலோ கல்கத்தாவிலோ அவளைப் பரிசோதித்துவந்த வைத்தியர், ஊருக்குப் போய்ப் போட்டுக்கொள்வாள் என்று இருந்துவிடலாம். மதுரையிலோ தஞ்சையிலோ புதிதாகப் பார்க்கும் வைத்தியர், அங்கேயே போட்டிருப்பார்கள் என்று எண்ணிவிடலாம். இரண்டு ஊர்களுக்கும் இடையே அந்த ஊசி விழுந்துபோகின்றது. பிரசவத்துக்குப் பின் குழந்தையோடு திரும்பும் பயணமும், முதல் ஊசிக்குரிய ஆறாவது வாரமும் இவ்வாறே ஒன்றோடொன்று மோதுகின்றன.

இதற்குப் பரிகாரம் பெரிய செலவு கோருவதன்று. தாய்-சேய் அட்டையைப் பெட்டியின் அடியில் வைக்காமல் கைப்பையிலேயே வைத்துக்கொள்ள வேண்டும். புறப்படுமுன் இங்குள்ள வைத்தியரிடம் மூன்றைக் கேட்டு அட்டையில் குறித்து வாங்கிக்கொள்ள வேண்டும். டி.டி. ஊசி எத்தனை ஆயிற்று. கக்குவானுக்கும் சேர்ந்த ஊசி நமக்கு உகந்ததா. உகந்ததாயின் பயணத்துக்கு முன்னா, பின்னா? அட்டை எந்த மொழியில் இருப்பினும் தேதியும் வாரமும் எண்ணில் எழுதப்பட்டிருந்தால் எந்த ஊர்ச் செவிலியும் படித்துக்கொள்வார். சிசு பிறந்த பின், பார்க்க வரும் உறவினருள் இருமுவோரை, அவர் எவ்வளவு மூத்தவராயினும், சில நாள் கழித்து வருமாறு சொல்வது மரியாதைக் குறைவாகாது. சிசு மூச்சுத் திணறினாலோ, நிறம் மாறினாலோ, பால் குடிக்க மறுத்தாலோ, கூவல் ஒலி கேட்கும் வரை காத்திராமல் மருத்துவமனைக்கு விரைய வேண்டும்.

கிராண்ட் ரேப்பிட்ஸ் பெண்மணிகள் 1945-இல் எழுதிவைத்ததை உலகம் கைக்கொள்வதற்கு ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் பிடித்தன. அக்காலத் தாய்மாருக்கு யாரும் வந்து சொல்லவில்லை. கேட்பதற்கும் அவர்களுக்கு வழியில்லை. இன்று கேட்க வழி இருக்கிறது. அடுத்த பரிசோதனைக்குச் செல்லும்போது கருவுற்ற பெண்ணோ, அவளுடன் செல்லும் கணவரோ, மாமியாரோ அந்த ஒரு கேள்வியை மறவாமல் கேட்டுவிடுவாராக.